கற்றல் துணையும் கணிப்பொறிப் பதிவேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்வி மாநாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருள் 'கற்றல் துணையும் கணிப்பொறிப் பதிவேடும்' என்பது. தமிழ்ப் பண்டிதருக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று தம்முள் நகைப்பார் சிலர் இவ்வவையில் இருத்தல் கூடும். பதிவேடு என்பது எழுத்தால் ஆயது. எழுத்தைப் பற்றிப் பேசப் பண்டிதருக்கு உரிமை உண்டு. அவ்வெழுத்து ஓலையில் இருப்பினும், தாளில் இருப்பினும், கணிப்பொறியில் இருப்பினும், அதனை எழுதினார் யார், எதன்பொருட்டு எழுதினார், அதனைப் படிப்பார் யார் என்னும் மூன்று வினாக்களும் மாறா. ஆதலின் துணிந்து பேசப் புகுகின்றோம்.

கற்றல் துணை என்பது யாது? வகுப்பிலுள்ள எல்லார்க்கும் பொதுவாக நடத்துவது பாடம். அப்பாடம் ஒரு பிள்ளையைச் சென்று சேராதவிடத்து, அது சேரும்பொருட்டுத் தனியே செய்யும் உதவி கற்றல் துணையாம். பின்தங்கினார்க்கு நடத்தும் மாலை வகுப்பும், செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் அளிக்கும் பயிற்சியும், தானே எழுத இயலாத பிள்ளைக்குத் தேர்வில் அமர்த்தப்படும் சொல்வதை எழுதுபவரும், வீட்டுத் துயரால் மனங்கலங்கிய பிள்ளைக்குக் கூறும் ஆறுதல் மொழியும், கட்டணம் செலுத்த இயலாதார்க்கு வழங்கும் கல்வி உதவிநிதியும் இதனுள் அடங்கும். மதிப்பெண் பட்டியலில் இவை தோன்றா. ஒரு பிள்ளை 35 மதிப்பெண் பெற்றது என்று பட்டியல் கூறுமேயன்றி, அம் முப்பத்தைந்துக்குப் பின்னே எத்துணை மாலைப்பொழுதுகள் எவரெவர் உழைத்தனர் என்பதைக் கூறாது.

முற்காலத்தே திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. அரிச்சுவடி தொடங்கிய பிள்ளை நிகண்டு முடிக்குங்காறும் அவர் கண்முன்னரே இருந்தது. எப்பிள்ளைக்கு எவ்வெழுத்து வாயில் நுழையவில்லை, எவனுக்குக் கீழ்வாயிலக்கம் ஏறவில்லை என்பன யாவும் அவர் நெஞ்சில் நின்றன. அந்நெஞ்சமே அன்றைப் பதிவேடு. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில், மாணாக்கன் எவ்வாற்றான் ஏற்றுக்கொள்வான் என்பதை உணர்ந்து அவ்வாற்றான் அளித்தலை ஆசிரியர்க்கு உரிய முறையாக வைத்தார். ஒருவரே பன்னாள் உடனிருந்து கற்பித்த காலத்தில் அஃது இயல்வதாயிற்று. இன்றோ ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டுமுன் பற்பல ஆசிரியரைக் காண்கின்றது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். அறிந்தவர் மாறுதல் பெற்று வேற்றூர் செல்லுங்கால் அவ்வறிவும் அவருடன் சென்றுவிடுகின்றது. அதனை நிறுத்திவைக்கும் வழி யாது என்பதே இன்றைய வினா.

எண்ணிக் கணக்கெடுத்தல் வேறு, அறிதல் வேறு என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு கலெக்டர்களுக்கு ஆணை பிறப்பித்து, மாகாணமெங்கும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுப்பித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். எவ்வகுப்பினர் எத்துணைப் பேர், ஆண் எத்துணை, பெண் எத்துணை என்று பத்திபத்தியாகப் பிரித்துக் காட்டினர். அக்கணக்கு இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணை. எனினும் அவருள் ஒரு பிள்ளை எங்கே இடறிற்று, யார் கைகொடுத்தார் என்பதை அக்கணக்கு அறியாது. அறிய வேண்டும் என்று அது கேட்கவுமில்லை.

நூற்றாண்டுகள் கடந்து இந்நாள் நிலையைக் காண்போம். 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு தொடங்கிய கல்விப் புள்ளிவிவர முறை, இன்று 'யூடைஸ் பிளஸ்' என்னும் பெயரால் நாடெங்கும் நடைபெறுகின்றது. பள்ளிவாரியாக எண் மட்டும் திரட்டிய அது, 2022-23 முதல் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்புத் திரட்டுகின்றது. தமிழ்நாட்டில் 'எமிஸ்' எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறை பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனியெண் வழங்கியுள்ளது. ஒரு பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளையின் குறிப்பு பொதுத் தொகுப்பிற் சேர்கின்றது. புதிய பள்ளி அதிலிருந்து அக்குறிப்பை எடுத்துக்கொள்கின்றது. பெற்றோர் குடிபெயர்ந்தமையால் பள்ளி நின்ற பிள்ளை எது என்று கண்டுபிடிக்க இஃது உதவுகின்றது. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

கற்றல் துணைக்கெனவே எழுந்த முயற்சிகளும் உள. கொரோனா நோய்க்காலத்தில் பள்ளிகள் அடைபட்டமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது. தன்னார்வலர் மாலைதோறும் ஒன்று ஒன்றரை மணி நேரம் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். வருகையைக் கைப்பேசிச் செயலியிற் பதிந்தனர். 2022 ஜூன் திங்களில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பின்னர் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகளின் நிலையை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' எனப் பகுத்தனர். ஆசிரியர் செயலியின் வாயிலாக மதிப்பிட்டு அந்நிலையைக் குறிக்கின்றனர்.

இத்துணையும் இருக்கக் குறை எங்கே? துணை நடந்ததா என்பதைப் பதிகின்றோம். யாது துணை, அதனால் யாது விளைந்தது என்பவற்றைப் பெரும்பாலும் பதிவதில்லை. 'வருகை: ஆம்' என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டால் கணக்கு நிறைவுறுகின்றது. பிள்ளையின் கதை நிறைவுறுவதில்லை.

யாம் நேரில் அறிந்த ஒன்றைக் கூறுவோம். ஊரும் பள்ளியும் பெயரும் வேண்டா. ஏழாம் வகுப்பின் இடையில் ஒரு சிறுவன் வேற்றூரிலிருந்து வந்து ஒரு பள்ளியிற் சேர்ந்தான். கேட்ட வினாவுக்கு விடையிறான், அழைத்தால் திரும்பான். 'மந்தம், கவனமின்மை' என்று ஆசிரியர் கருதினர். அரையாண்டுத் தேர்வில் நான்கு பாடங்களில் தவறினான். பின்னர் ஒருநாள் அவன் பாட்டியார் பள்ளிக்கு வந்தபொழுது, "முன்னைப் பள்ளியிலே வலப்பக்க முதல் பெஞ்சியிலே உட்கார வைப்பார்களே ஐயா, இங்கே ஏன் பின்னாலே?" என்று வினவினார். அச்சிறுவனுக்கு இடச்செவி கேளாது. முன்னைப் பள்ளியில் ஓர் ஆசிரியை அதனைக் கண்டறிந்து, வலச்செவி தம்பால் இருக்குமாறு அவனை அமர்த்திக் கற்பித்து வந்தார். அவர் செய்தது ஒரு பெஞ்சியை மாற்றியதே. அஃது எவ்வேட்டிலும் இல்லை. அவன் கொணர்ந்த மாற்றுச் சான்றிதழில் பிறந்த நாள் இருந்தது, சாதி இருந்தது, அங்க அடையாளத்திற்கு இரண்டு வரிகள் இருந்தன, 'நடத்தை நன்று' என்றும் இருந்தது. எந்தச் செவியால் கேட்பான் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒரு வரி இன்மையால் ஒரு பிள்ளைக்கு அரையாண்டு போயிற்று.

இன்னுமொன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிக்கின்றது. எழுத்துக்களைக் கூட்டிப் படித்தலிலும் எழுதுதலிலும் உண்டாகும் கற்றற் குறைபாடும் அவற்றுள் ஒன்று. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அஃது இடம்பெறவில்லை. இத்தகைய பிள்ளைகட்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும், பிறவும் உரிய சான்றின்பேரில் வழங்கப்படுகின்றன. அச்சான்று பெறச் செல்லும் பெற்றோரிடம், "எப்பொழுது முதல் இவ்வாறு உளது? யாது பயிற்சி அளித்தீர்?" என்று வினவினால் விடை வேண்டுமன்றோ? மூன்றாம் வகுப்பு முதலே எழுதிவைத்த நான்கு வரிக் குறிப்புக்கள் இருப்பின் அத்தாய் எடுத்துக் காட்டுவாள். இல்லையேல் அவள் கண்ணீரன்றிக் காட்டுதற்கு ஒன்றுமில்லை.

இனி, நற்பதிவு எத்தகையது என்று காண்போம். ஐந்து செய்திகள் அதில் இருத்தல் வேண்டும். முதலாவது, பிள்ளையிடம் கண்ட இடர்ப்பாடு. இரண்டாவது, நாம் செய்த துணை. மூன்றாவது, செய்தவர் யார், எந்நாள், எத்துணைப் பொழுது என்பது. நான்காவது, அதனால் நேர்ந்த மாற்றம். ஐந்தாவது, அடுத்துச் செய்யவேண்டுவது. ஐந்தாவதே உயிர். அஃதில்லாத பதிவு கிணற்றிலிட்ட கல்லாய்க் கிடக்கும்.

எழுதும் மொழியும் கருதத்தக்கது. 'தமிழில் மந்தம்' என்று எழுதுவது தீர்ப்பு, குறிப்பு அன்று. 'எழுத்துப்பிழை மிகுதி' என்பது அதனினும் சிறிது மேல், ஆயினும் பயனில்லை. 'ரகர றகரங்களை மயங்குகின்றாள். கறி என்னுமிடத்துக் கரி என்றும், அரம் என்னுமிடத்து அறம் என்றும் எழுதுகின்றாள். லகர ளகரங்களில் தடுமாற்றமில்லை. இருவாரம் நாடோறும் பத்துச் சொற்கள் சொல்லி எழுதுவித்தோம். இப்பொழுது பத்தில் ஏழு சரியாக வருகின்றன. இனித் தொடரில் வைத்துப் பயிற்றுக' என்று எழுதினால், நாளை வரும் ஆசிரியர் அகரத்திலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. ஏழு வரையில் ஏறிய படியிலிருந்து எட்டாவது படியில் கால்வைப்பார். பதிவின் பயன் முழுவதும் இதில் அடங்கும்.

"இதனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாற் போதாதோ? கணிப்பொறி எதற்கு?" என்று பெரியோர் சிலர் வினவுவர். நோட்டுப் புத்தகமும் நன்றே. ஒன்றுமில்லாமைக்கு அது கோடி மடங்கு மேல். ஆயினும் அஃது ஓரிடத்தில் மட்டும் இருக்கும். எழுதியவர் மாறினால் பெட்டியடியில் கிடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றூர்களிலும் எத்துணைக் குடும்பத்தார் சான்றிதழ்களை இழந்தனர் என்பதை நாம் அறிவோம். அரசினர் தனி முகாம்கள் நடத்தி மாற்றுப் படிகள் வழங்கினர். மூலக்கணக்கு வேறிடத்தில் இருந்தமையால் அவை மீண்டன. நோட்டுப் புத்தகத்தின் மூலம் எங்கே இருக்கும்? கணிப்பொறியில் எழுதியதை ஈரிடத்தில் வைக்கலாம், நொடியில் தேடலாம், பிள்ளை ஊர் மாறினால் உடன் அனுப்பலாம். 'இத்திங்களில் துணை பெறவேண்டியிருந்தும் பெறாத பிள்ளைகள் யாவர்?' என்று கேட்டால், அப்பட்டியலை அது நொடியில் தரும். நோட்டுப் புத்தகத்தைக் கேட்டால் ஏடு முழுதும் புரட்ட வேண்டும்.

நன்மை கூறினோம், தீங்கும் கூறுதல் நம் கடன். தீங்குகள் மூன்று.

முதலாவது, ஒட்டிய பெயர் உரியாமை. நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமை கூறி மூவகைப்படுத்தினார். ஆசிரியர் ஆராய்ந்து தெளிதற்பொருட்டு அவர் கூறியது அது. பிள்ளையின் நெற்றியில் எழுதுதற்பொருட்டன்று. ஓட்டைக்குடம் என்று ஏட்டில் ஒருமுறை எழுதிவிட்டால், பின்வருவாரெல்லாம் அதில் நீர் வார்க்கத் தயங்குவர். கணிப்பொறி மறவாது, அதுவே அதன் வலிமை, அதுவே அதன் கொடுமை. ஆதலின் நாளிடாத குறிப்பு ஒன்றும் கூடாது. ஆண்டுதோறும் திருப்பிப் பார்த்து, நீங்கிய குறையை நீங்கிற்று என எழுதல் வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்னும் பெயர்களை யாம் விரும்புவது இதுபற்றியே. அவை ஒரே பூவின் பருவங்கள். இன்றைய அரும்பு நாளைய மலராதற்கு அப்பெயரிலேயே இடமுண்டு.

இரண்டாவது, மறைபொருள் வெளிப்படுதல். இவ்வவையில் இதனை மனந்திறந்து கூற வேண்டும். நாம் ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தார். கொள்வனை கொடுப்பனை உடையவர்கள். ஒரு பெண் சிறுமியாயிருந்தபொழுது படிப்பில் தனித்துணை பெற்றாள் என்றோ, மனக்கலக்கத்திற்கு ஆறுதல் பெற்றாள் என்றோ ஒரு குறிப்பு, பதினைந்தாண்டு கழித்துச் சம்பந்தம் பேசும் கூடத்திற்குச் செல்லுமாயின், நாம் செய்த உதவியே அவளுக்குப் பகையாகும். அவ்வச்சத்தால் இன்றே பெற்றோர் பலர் பிள்ளையின் இடர்ப்பாட்டை மறைக்கின்றனர். மறைத்தலால் துணை கிட்டாது போகின்றது. ஆகவே மறைகாத்தல் என்பது வெறும் ஒழுங்குமுறையன்று. அஃதின்றேல் துணையே இல்லை.

தனிமறை காத்தல் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 அகவை நிரம்பாதார் தரவைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. பிற நாட்டுப் பட்டறிவும் உண்டு. அமெரிக்காவில் 'இன்புளூம்' என்னும் நிறுவனம் மாணவர் தரவுகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டும் நோக்குடன் 10 கோடி டாலர் நன்கொடையைக் கொண்டு 2013-இல் தோன்றியது. தம் பிள்ளைகளின் செய்திகள் யார் கைக்குப் போகும் என்று பெற்றோர் வெகுண்டெழுந்தனர். 2014-இலேயே அது மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. பொருளும் பொறியும் குறைவின்றி இருந்தும் பெற்றோர் நம்பிக்கை இன்மையால் அது வீழ்ந்தது.

மூன்றாவது, பதிவே பணியாகிவிடுதல். பதிவேற்றும் வேலையாற் கற்பிக்கும் பொழுது குறைகின்றது என்று ஆசிரியர் சங்கத்தார் பன்முறை முறையிட்டுள்ளனர். அம்முறையீடு பொய்யன்று. கூரை வேய்வான் பொழுதெல்லாம் ஓலை எண்ணிக்கொண்டிருப்பின் மழைக்கு முன் வீடு முடியாது. ஒரு பிள்ளைக்கு வாரத்திற்கு இரண்டு நிமிடத்திற்கு மேற்பட்டு எழுத வேண்டியிருப்பின், அம்முறை பழுதுடையது என்று கொள்க.

இவற்றையெல்லாம் எண்ணி, நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கும் கல்வி உதவிநிதிக்கும் உரியனவாகச் சில முறைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

பெரும்பொருள் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டா. எக்கணிப்பொறியிலும் உள்ள விரிதாள் ஒன்று போதும். மேற்கூறிய ஐந்து செய்திக்கு ஐந்து பத்திகள். பிள்ளைக்கு ஒரு வரிசை எண். பெயரும் எண்ணும் பொருந்தும் பட்டியல் வேறாக, செயலாளரிடத்தும் தலைமை ஆசிரியரிடத்தும் மட்டும் இருக்கட்டும். சாதிக்கு அதிற் பத்தி வேண்டா. நம் மாலை வகுப்பிற்கு அயல் தெருப் பிள்ளைகளும் வருகின்றனர், வருதலும் வேண்டும். தொடங்குமுன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறல் வேண்டும். திங்கள்தோறும் பெற்றோர்க்கு அதனைக் காட்டல் வேண்டும். படிக்கவறியாத தாயாராயின் படித்துச் சொல்ல வேண்டும். அவர், "இஃது அப்படியன்று" எனின் திருத்த வேண்டும். பிள்ளையைப் பற்றிய ஒரு சொல்லும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவிற் செல்லுதல் கூடாது. புகைப்படம் எடுத்து அனுப்புதலும் கூடாது. கடவுச்சொல்லை மேசைமேல் எழுதி ஒட்டிவைத்தலும் கூடாது. பிள்ளை பள்ளிக்கல்வி முடித்தவுடன் ஒரு படியைப் பெற்றோர் கையிற் கொடுத்து, நம்மிடத்து உள்ளதை அழித்துவிடல் வேண்டும். உதவிநிதிக்கு அரசினர் தணிக்கை வேண்டுமாயின், பணக்கணக்கு மட்டும் வேறாக நிற்கட்டும்.

இப்பணிக்கு வேண்டுவது பெரும் பொறியறிவு அன்று. நம் வீடுகளில் கல்லூரியிற் பயிலும் ஆண்மக்களும் பெண்மக்களும் விரிதாளை நம்மினும் நன்கு அறிவர். அவர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்தாற் போதும். கற்பிக்கும் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்ல, அவர்கள் தட்டெழுதலாம். அதனால் ஆசிரியர் பொழுதும் காக்கப்படும். இளையோர்க்கும் நம் பிள்ளைகளின் நிலை புலனாகும்.

பெரியோர்களே! உதவிநிதிக்கு ஆண்டுதோறும் நாம் பொருள் ஈட்டுகின்றோம். இத்துணை ரூபாய் வழங்கினோம், இத்துணைப் பேர்க்கு வழங்கினோம் என்று ஆண்டறிக்கையில் அச்சிடுகின்றோம். மன்றோவின் கணக்கைப் போல அதுவும் வேண்டுவதே. இவ்வாண்டு முதல் அதனுடன் மற்றொரு வினாவையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: சென்ற ஆண்டு இடறிய பிள்ளைகளுள் எத்துணைப் பேருக்கு எது உதவிற்று? அதற்கு விடை கூறவல்ல ஏடு நம்மிடம் இருக்குமாயின், ஒரு சிறுவன் எந்தச் செவியாற் கேட்பான் என்பதை அவன் பாட்டியார் வந்து சொல்லுங்காறும் எவரும் காத்திரார்.

மாலை வகுப்பு அடுத்த திங்கள் முதல் தேதியில் மீண்டும் கூடுகின்றது. விரிதாள் எழுத முன்வரும் இளைஞர் இருவர், ஒப்புதல் தரும் பெற்றோர், மறைகாப்பேன் என்று உறுதி கூறும் செயலாளர் ஆகிய இவர் இருப்பின் அன்றே தொடங்கலாம். இம்மாநாட்டிலேயே அதற்கொரு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு அவையோரை வேண்டிக்கொள்கின்றோம்.